பேர் போடுதல்

லாபிஸ் பட்டணம் தாண்டி மூன்றாம் கட்டையில்
தோட்டம் கைமாறிவிட்டது, தாமான் வரப்போகிறது.
இடுகாட்டில் நாற்பத்தொரு குழி.
நாற்பதுக்குச் சொந்தம் வந்து கையெழுத்திட்டது.
மிஞ்சியவர் பழைய மருந்துக்காரர், எஸ்ரா ஷோகர்.
பாரத்தில் மதம் என்ற இடத்தில்
'லாயின் லாயின்' கட்டத்தை டிக் அடித்தது நான்தான்,
நகராண்மைக் கழகக் கிராணி, புவனேஸ்.

சிங்கப்பூரிலிருந்து இருவர் வாடகை வேனில் வந்தார்கள்.
ரபி நிசீம்: தடித்த கண்ணாடி,
முதுகோடு ஒட்டிப்போன கறுப்புக் கோட்டு.
மற்றவர் ஜெபம் ஓதுபவர், ஹஸான் என்றார்கள்.
வேலிக்கு வெளியே இறங்கி அங்கேயே நின்றுகொண்டார்.
பூசாரி வம்சம், குழியருகே வரலாகாதாம்.
தண்ணிமலை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தான்:
"நம்ம குருக்கள் மட்டும்?
வீட்டுக்கு வருவாரு, காட்டுக்கு வரமாட்டாரு."

பெக்கோ வேண்டாம் என்றார் ரபி.
கைதான்.

கல்லில் ஆணி அடித்தாற்போல எழுத்து.
அதன்மேல் மஞ்சள், பழசும் புதுசும்.
உச்சியில் காய்ந்த எலுமிச்சை ஒன்று.
யார் வைத்தது என்று கேட்டார்.
"மருந்துக்காரரு இல்லையா, பிள்ளைக்குக் காய்ச்சல்னா
இங்கதான் வருவாங்க" என்றான் தண்ணிமலை.
நான் மொழிபெயர்த்தேன்.
சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.
பழத்தை மட்டும் எடுத்துப்போய்
முட்டையை வைப்பதுபோல வேலியோரம் வைத்தார்.

பிறகு மண்டியிட்டார்.
விரலால் மண்ணைச் சலித்துச் சலித்து
எலும்பு எது, வேர் எது என்று பார்த்து,
கறுத்த மண்ணையும் ஒரு பிடி விடாமல்
வெள்ளைத் துணியில் சேர்த்தார்.
அப்படி ஒரு குருவை நான் பார்த்ததில்லை,
நகக்கண் பத்திலும் செம்மண்.

ஒரு ஜெபம் பாக்கி என்றார். அதற்குப் பத்துப் பேர் வேண்டும்.
ஆட்களை விரல் நீட்டி எண்ணமாட்டார்களாம்;
பத்துச் சொல்லில் ஒரு வசனம், தலைக்கு ஒரு சொல்.
தன்னைப் பார்த்து ஒன்று சொன்னார்,
வேலிக்கு அப்பால் பார்த்து இன்னொன்று.
நிறுத்திவிட்டார்.

நான் பெரட்டுப் பழக்கத்தில் எண்ணினேன்.
ஆறு வங்காளதேசத்துப் பையன்கள், தண்ணிமலை, நான்.
எட்டுச் சொல் அவர் வாயிலேயே இருந்தது.

"குறை உங்களிடம் இல்லை, மிஸ் புவனேஸ்.
அது எங்கள் ஆட்களுக்குள் எண்ணும் எண்ணிக்கை."
பெண் என்றால் எப்படியும் சேர்ப்பதில்லை,
அதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.
அம்மா பால் வெட்டிய நாளில்
மழை இறங்கிப் பாதியில் திரும்பினால்
கிராணி அரைப்பேர் போடுவார்.
அரைப்பேர்கூட இல்லையா என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.

பத்துப் பேர் இல்லாமலும் ஓதக்கூடியது வேறொன்று இருந்தது.
ரபி கை உயர்த்த, ஹஸான் வேலிக்கு அப்பாலிருந்து தொடங்கினார்.
எந்த ராகத்திலும் அதை அடைக்க முடியவில்லை.
ஏறப்போகிறது என்று நினைத்தால் நின்று,
நின்ற இடத்திலேயே நடுங்கியது.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
பின்னால் வந்து, ஹார்ன் அடிக்காமல்
இஞ்சினை அணைத்துக்கொண்டது.
ரூபல் தொப்பியைக் கழற்றினான்,
ரபியின் தலையைப் பார்த்துவிட்டு
மறுபடி மாட்டிக்கொண்டான்.

வாசலில் தண்ணீர் கேட்டார்.
என் மினரல் போத்தலைக் கொடுத்தேன்.
வலது கைக்கு மூன்று தரம், இடதுக்கு மூன்று.
துடைக்கவில்லை.
ஈரக்கையோடே பாரத்தை வாங்கிக் கையெழுத்திட்டார்.
கடையில் சோறு வேண்டாம் என்று
வேனில் உட்கார்ந்து, கொண்டுவந்த அவித்த முட்டையை
இருவரும் உரித்துத் தின்றார்கள்.
என்னிடம் ஒன்று நீட்டினார்கள்.
வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜொகூர் பாருவிலிருந்து போன்.
உடனிருந்தோர் எத்தனை பேர் என்ற கட்டத்தில்
மை கரைந்து கிடக்கிறதே, எண் தெரியலையே என்றார்கள்.

ஆமா, தெரியலை என்றேன்.