விளக்கக் கூறு

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில்
மூன்று மாதமாகத் திருத்துகிறோம்
அரசியலமைப்பின் இருபத்தொன்றாம் உறுப்பை.
உயிருக்குப் பக்கத்தில்
ஓர் ஆற்றை உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏழாம் அட்டவணையில் தண்ணீர்
பதினேழாவதாய் நிற்கிறது,
ரேஷன் கடைக்குத் தாமதமாய் வந்தவள் போல.
படித்துப் படித்துக் கிழிந்த அந்தப் பக்கத்துக்கு
செலோ டேப் ஒட்டியிருக்கிறாள் தில்ஷாத்.

"ஆறு என்றால் என்ன?
விளக்கம் இல்லாமல் மசோதா நிற்காது"
என்றார் எபினேசர் வக்கீல்.
எழுதினேன்:
'ஆறு என்பது இயற்கையாய்
ஓடும் நீர்.'

தட்டச்சு ஆனதும்
காட்பாடி பஸ் ஏறினேன், எம்.பி. ஆபீசுக்கு.
பாலத்தின் நடுவே டிராஃபிக்.
கீழே மணலில் பையன்கள்
ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.
பந்து கருவேல முள்ளுக்குள் போயிற்று.
எடுக்கப் போனவன் நனையவில்லை.

என் சட்டப்படி
பாலாறு ஆறில்லை.

விருதம்பட்டில் இறங்கித் திரும்பி நடந்தேன்.
'ஓடும்' மேல் ஒரு கோடு.
அதற்குப் பதில்
எந்தக் காலத்தைப் போடுவது?
'ஓடிய' என்றால் இரங்கல் தீர்மானம்.
'ஓட வேண்டிய' என்றால்
எபினேசர் கேட்பார்: யார் ஓட்டுவது?

பேனா மூடியைக் கடித்தபடி நிற்கிறேன்.
லாரிக்கு ஒருமுறை
அதிர்கிறது பாலம்.