ஏழு நாளில் ஒரு மணி நேரம்

கீரைத்துறை, மூன்றாவது சந்து.
சாக்கடைமேல் பாவிய கல்லில் செருப்பை விட்டுவிட்டு
டேப்லட்டைத் திறக்கிறேன்.
ஒரே வீட்டுக்கு நாலு மாதம்,
மாதம் ஒரு தடவை.

"கடந்த ஏழு நாளில்
ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா?"

ஒச்சப்பன் மாட்டுத்தாவணியில் மூடை தூக்குகிறவர்.
சிரித்துவிட்டார்.
"ஒரு மணி நேரம் பாத்தா போதுமா தாயி?
அப்ப நான் பெரிய உத்தியோகஸ்தன்ல!"
கூலி. ஐம்பத்தொன்று.
புதன்கிழமை தக்காளி லாரிக்காக
விடியவிடிய சாக்கை விரித்துக் காத்திருந்தாராம்.
காத்திருப்பதற்குக் கட்டம் இல்லை.

விருமாயி தலை நிமிராமல் சொன்னாள்:
"நான் வீட்டுல சும்மாதான் இருக்கேன்."
சொல்லும்போதே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.
ஓட்டலுக்கு, கிலோ பதினைந்து ரூபாய்,
நாளுக்கு ஆறு கிலோ.
நகக்கண்கள் வெந்து வெளுத்திருந்தன.
'சும்மா' என்று யாராவது சொன்னால்
மேற்கொண்டு மூன்று கேள்வி கேட்கச் சொல்லி
எங்களுக்குப் பயிற்சி.
மூன்றாவது கேள்வியில் அவள் பதினொன்று ஆனாள்.
சொந்தத் தொழில் என்கிறது கையேடு.
"சொந்தமா?" என்றவள்
தோலை முறத்தில் புடைத்துவிட்டுக் கேட்டாள்:
"அப்ப கிலோவுக்கு ரெண்டு ரூவா ஏத்துவாய்ங்களா?"

மகன் சின்னமாயன், டிப்ளமோ மெக்கானிக்கல்.
முதல் மாதம் விரல்விட்டு எண்ணினான்:
கப்பலூரில் நாலு கம்பெனி,
தனக்கன்குளத்தில் ஒரு லேத் பட்டறை,
ஓசூருக்குப் போட்ட மெயில் ஒன்பது.
எண்பத்தொன்று. தேடுகிறான்.

இரண்டாம் மாதம் லேத் பட்டறை மட்டும்.
அப்போதும் எண்பத்தொன்று.

மூன்றாம் மாதம் கைலியோடு வாசல்படியில் நின்றான்.
"எங்கயும் கேக்கலக்கா."
தேடாவிட்டாலும், வந்தால் போவேன் என்றால்
கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.
இடம் இருக்கிறது அதற்கு.
"வந்தா போவீங்கள்ல?" என்றேன்,
கொஞ்சம் எடுத்துக்கொடுப்பதுபோல். அது கூடாது.
உள்ளே பூண்டு உரிக்கும் சத்தம் நின்றது.
"வேணாம்க்கா. இல்லைன்னே போடுங்க."

தொண்ணூற்றேழு. மற்றவர்.

பிறகொரு நாள், கணினி அலுவலகப் படியில்
பேப்பர் விரித்து வடை தின்றுகொண்டிருந்தபோது பார்த்தேன்:
வேலையில்லாதவர் விகிதம் இறங்கியிருக்கிறதாம்.
எண்ணெய் ஊறிய இடத்தில் அம்புக்குறி கீழே பார்த்தது.
நல்ல சேதிதான்.
தேடுகிறவன்தானே வேலையில்லாதவன்;
நிறுத்திவிட்டவன் யாருமில்லை.
அந்த அம்பின் நுனியில்
ஒரு கைலியின் கட்டம் தெரிந்தது எனக்கு மட்டும்.

நாலாம் மாதம் அவன் வீட்டில் இல்லை.
"சட்டையத் தேச்சுப் போட்டுட்டுப் போறான்.
எங்கிட்டுன்னு சொல்றதில்ல.
ராத்திரி வந்தா சோறு திங்கிறான், படுத்துக்கிறான்."
தெரியாது என்பதை இந்தக் கருவி வாங்காது.
ஒரு எண் கேட்டுச் சிவப்பாக மின்னியது.
அணைத்து மடியில் வைத்தேன்.

"ஒனக்கு எம்புட்டு நாளைக்கு இந்த வேலை?"
நாலு மாதத்தில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி.
மாசக் கடைசியோடு பாதிப் பேரை நிறுத்துகிறார்கள்,
ஏஜென்சிக்காரர் வாட்ஸப்பில் போட்டிருந்தார்,
கும்பிடும் கை ஒன்றும் சேர்த்து.
பட்டியலில் என் பெயர்
உஷாநந்தினிக்கும் ரபேக்காளுக்கும் நடுவில்.
"கடைசி வரைக்கும்" என்றேன்.
எதன் கடைசி என்று அவள் கேட்கவில்லை.

முறத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
"அவன் வந்தா நீயே கேட்டுக்க. அதுவரைக்கும் உக்காரு."

முதல் பல்லிலேயே நகம் எரிந்தது.
உரித்தோம். சின்ன வயசுப் பல்வலி, வாடகை,
அவளுடைய தம்பி பெண்டாட்டி என்று பேச்சு போனது.
அவன் வரவில்லை.
அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து
கடிகாரம் பார்த்தேன்.

நாற்பது நிமிடம்.
கணக்கில் ஏற
இன்னும் இருபது வேண்டும்.