அடிக்குறிப்பு நின்றுபோன பக்கம்

புளியரை எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு
கேரளத்துக்குப் போகிற லாரிகள்
ஒவ்வொன்றாய் இரும்புத் தகட்டில் ஏறி நிற்கும்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடி, நிலைக்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அவ்வளவுதான்.

கோழி லாரிக் கிளீனர் மசூது
சில்லறைக்குப் பதிலாக விட்டுப்போன புத்தகம் அது.
அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கம் இல்லை.
கடைசியில் பிழைத்திருந்தது
ஆசிரியர் வரலாறு, ஒன்றரைப் பக்கம்.

அமெரிக்கக்காரர். பெயர் ஆர்வில் டென்னக்.
அறுபத்தொரு சாகச நாவல்கள்.
முதலை வாயில் கையை விட்டவன்,
எரிமலைக்குள் கயிறு கட்டி இறங்கியவன்,
எல்லாரும் அவர் பெற்ற பிள்ளைகள்.
அவரோ கடலைக்கூடப் பார்த்ததில்லை.
நெப்ராஸ்காவில் ஒரு சோளக் கிடங்கு,
அதன் வாசலில் வண்டி எடை போடும் வேலை,
இருபத்தேழு வருஷம்.
எடைச்சீட்டின் முதுகில்தான் எழுதினாராம்.

அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.
ஒரு டாரஸ் ஹாரன் அடித்தது.

இந்த நாவல் நம்ம மலையில் நடக்கிறது.
'மலபார் மலை' என்கிறார், எதுவென்று அவருக்கே தெரியாது.
ஆரியங்காவுக் கணவாயாகத்தான் இருக்கவேண்டும் என்று
முடிவு கட்டியவர் மொழிபெயர்த்த குற்றாலலிங்கம்.
செங்கோட்டை ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க்.
அடிக்குறிப்பு போடாவிட்டால் தூக்கம் வராத மனுஷர்.

பக்கம் 19: 'இங்கே சிங்கம் கிடையாது.
ஆசிரியர் அறியாமல் எழுதிவிட்டார், பொறுத்தருள்க.'
பக்கம் 33: 'ஒட்டகமும் கிடையாது.'
பக்கம் 52: 'கணவாயில் பனி கொட்டாது.
சாரலைத்தான் சொல்கிறார் என்று கொள்க.'
பக்கம் 71: 'மறுபடியும் சிங்கம்.
எடை நானூற்று இருபது பவுண்டாம்.
நம் கணக்கில் நூற்றுத் தொண்ணூறு கிலோ.
இருந்தால்தானே.'

ஓரிடத்தில் மட்டும் வேறு மாதிரி.
மலைக்கு இந்தப் பக்கம் நிலா, அந்தப் பக்கம் மழை,
நடுவில் ஒரு சுங்கச்சாவடி,
அங்கே விளக்கு வைத்துக்கொண்டு ஒருத்தி
போகிறவர்களின் சுமையை நிறுத்துப் பார்க்கிறாள்.
கீழே குற்றாலலிங்கம்: 'இது சரி.'

சோளக் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு
எப்படித் தெரிந்தது?

பக்கம் 140.
கதாநாயகனின் துப்பாக்கி ஆற்றோடு போகிறது.
காய்ச்சல் வேறு.
ஈரப் பாறைமேல் சிங்கம் வந்து நிற்கிறது.
பக்கத்தின் அடியைப் பார்க்கிறேன்.
குறிப்பு இல்லை.
அதற்கப்புறம் கடைசிவரை ஒன்றுகூட இல்லை.
ஓர் யானைக்கு நெற்றியில் கொம்பு முளைக்கிறது,
குற்றாலலிங்கம் வாய் திறக்கவில்லை.
பார்சல் மூட்டைகள் முத்திரைக்குக் காத்துக் கிடக்க
அவரும் ஓடிக்கொண்டிருந்திருப்பார்
வேட்டியை மடித்துக் கட்டி,
சிங்கத்துக்கு இரண்டு முழம் முன்னால்.

டென்னக் செத்தபிறகு கிடங்குக்காரர்கள்
பழைய சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தார்களாம்.
பின்பக்கம் முழுக்கக் கொள்ளையும் கொலையும்.
முன்பக்கக் கணக்கில் ஒரு பவுண்டு பிசகவில்லை.

நேற்று இரவு இரண்டே கால்.
புனலூரிலிருந்து காலி லாரி,
தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தது.
ஓட்டுநர் சசாங்கன், வாரம் மூன்று முறை வருகிறவர்.
அந்த வண்டியின் வெற்று எடை எனக்கு மனப்பாடம்.
நூற்றுத் தொண்ணூறு கிலோ கூடக் காட்டியது.

'மழையாணு சேச்சி, டார்ப்பாயில் வெள்ளம்.'

அந்தப் பக்கம் மழைதான்.
இந்தப் பக்கம் கம்பிவேலி முழுக்க நிலா.
காற்றே இல்லை,
தார்ப்பாய் ஒருமுறை எழும்பி அடங்கியது.

இறங்கிப் போய்ப் பார்க்கலாம்.
டார்ச் இருக்கிறது. விதிமுறையும் இருக்கிறது.

'மழைநீர்' என்று காரணம் தட்டிச் சீட்டை நீட்டினேன்.
லாரி தகட்டைவிட்டு இறங்கி
தென்காசிச் சாலையில் சிவப்பு விளக்காகிச் சிறுத்தது.
எண்கள் பூஜ்யத்துக்கு வந்து நின்றன.

அலுவலக நகலைத் திருப்பிப் போட்டேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.