நாமா, நாங்களா

கடலுக்கும் மலைக்கும் நடுவே
ஒரே தெரு உள்ள ஊர்,
ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில்.
இரண்டு மாதமாய் மலைக்குப் பின்னால் கிடந்த சூரியன்
அன்றைக்குத்தான் கால்மணி நேரம் எட்டிப் பார்த்தது.
அதற்காக வழக்கம்போல
ஜாம் தடவி மடித்த மெல்லிய அப்பங்கள்.
மீன் ஆலையின் சாப்பாட்டு அறையில்
ரப்பர் பூட்ஸோடு நாற்பத்து மூன்று பேர்.

ஹால்டோராவின் கையில் மூன்று பக்கம்.
தலைநகரத்து வக்கீல் ஒருவர்
ஒவ்வொரு சொல்லிலும் முள்ளெடுத்து
அனுப்பி வைத்தது.

பக்கத்தில் யாட்விகா.
மீன் வெட்டும் வரிசையில் ஏழாம் இடம்.
பன்னிரண்டு வருடத்தில் இந்த ஊர் மொழி படிந்துவிட்டதால்
இன்று அரை மணி மட்டும் மொழிபெயர்ப்பாளர்.
போலந்துக்காரர்கள் முப்பது பேர்
அவள் வாயையே பார்த்திருந்தார்கள்.

"சவால் மிகுந்த சந்தைச் சூழலில்
நம் செயல்பாடுகளை மறுசீரமைக்கும் பயணத்தில்
நாம் இருக்கிறோம்."

சொல்லுக்குச் சொல் சொன்னாள்.
தலைகள் ஆடின.
மரியாதைக்கு ஆடும் தலை எது,
புரிந்து ஆடும் தலை எது,
ஹால்டோராவுக்குத் தெரியாமல் இல்லை.
தெரிந்தும் அடுத்த வரிக்குப் போனாள்.
பூசி மெழுகிய வரி.
அதன் மேல் இன்னொரு பூச்சு.

இரண்டாம் பக்கத்தில் தாதேயுஷ் கை தூக்கினான்.
"என் வண்டி டயர் நாலும் தேய்ந்துபோச்சு.
புதுசு வாங்கவா, வேண்டாமா?"

சிலர் சிரித்தார்கள்.
யாட்விகா அதையும் மொழிபெயர்த்தாள்.
மூன்று பக்கத்தையும் புரட்டினாலும்
டயருக்கு அதில் பதில் இல்லை.

அப்புறம் அவளே கேட்டாள், குரலைத் தணித்து:
"இந்த 'நாம்' யார்?"

மேலே 'நாம்' என்று எழுதியது நான்தான்.
அந்தத் தாளில் அது எதுவாகவும் இருக்கலாம்.
நாம் என்றால் நீயும் உள்ளே,
நாங்கள் என்றால் கதவு சாத்தியாயிற்று.
அந்த இருவர் மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்;
அதன் சந்தில் ஓர் ஆலையே ஒளிந்துகொள்ளலாம்.
தமிழில் முடியாது என்று சொல்ல ஆசைதான்.
ஆனால் நாம் நாம் என்று மேடையில் முழங்கிவிட்டு
நாங்களாய் ஏறிப்போன கார்களின் புழுதி
இன்னும் என் சட்டையில் இருக்கிறது.

ஹால்டோரா கண்ணாடியைக் கழற்றினாள்.
கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எழுத்து தெரியாது.
ஆட்கள் தெரிவார்கள்.

"ஏப்ரல் முப்பது, கடைசி மீன்.
மே மாதச் சம்பளம் உண்டு. ஜூனுக்கு இல்லை.
மூடுவது என்று முடிவெடுத்தவர்கள் ஏழு பேர்.
நானும் ஒருத்தி. கையெழுத்துப் போட்டேன்.
எனக்குத் தலைநகரில் ஒரு நாற்காலி இருக்கிறது.
வேலை போவது உங்களுக்கு.
உங்கள் அறைகளுக்கு ஆகஸ்ட் வரை வாடகை கிடையாது,
எழுதி வாங்கிவிட்டேன்.
கப்பலை யார் வாங்குவார்களோ, தெரியாது.
தெரிந்த அன்றே இந்த அறையில் சொல்வேன்.
தாதேயுஷ், டயர் வாங்காதே."

குட்டை வாக்கியங்கள்.
ஒவ்வொன்றுக்கும் பிறகு
யாட்விகாவுக்கு மூச்சுவிட இடம் இருந்தது.
'உங்களுக்கு' என்ற இடத்தில் மட்டும்
நாக்கு நின்றது.
ஏழாம் இடம்.
'நமக்கு' என்றாள்.

அவள் மொழியில் அதற்கும் ஒரே சொல்தான்.
ஆனாலும் எந்த 'நமக்கு' என்று
முப்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

யாரோ கையுறையைச் சுவரில் எறிந்தார்கள்.
ஒருத்தி வெளியே போய்க் கதவை அறைந்தாள்.
நன்றி என்று எவரும் சொல்லவில்லை,
சொல்ல என்ன இருக்கிறது?
ஹால்டோரா மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்,
வசவு, கேள்வி, மறுபடி வசவு,
காப்பிக் குடுவை காலியாகும்வரை.

போகும்போது தாதேயுஷ்
மேஜையில் கிடந்த இரண்டாம் பக்கத்தை எடுத்தான்.
மிச்சமிருந்த அப்பத்தில் நான்கை
அதில் சுற்றிக்கொண்டான்.
பிள்ளைகளுக்கு.