இரட்டைப் புள்ளி

என் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று
ஏழு பேருக்கும் மடல் அனுப்பியிருந்தேன்.
பெல்லந்தூர் ஒன்பதாவது மாடியில்
எனக்குக் கதவே கிடையாது.
தூணோரம் ஒரு மேசை,
அதன்மேல் வாடகைக்கு வந்த செடி.
செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மட்டும்
வியாழன்தோறும் வந்தார்.

பிறகு மனிதவளத் துறை படிவம் அனுப்பியது.
பெயர் வேண்டாம். ஐந்து முகங்கள்,
அழுமூஞ்சியிலிருந்து பல்லிளிப்பு வரை.
ஒன்றைத் தொட்டால் போதும்.
எட்டில் ஏழு பேர் நான்காவது முகம்.
அந்த ஏழில் நானும் ஒருவன்.
மிச்சமிருந்த ஒருவர்
முகம் எதையும் தொடாமல் கட்டத்தில் எழுதியிருந்தார்:

'ஞாயிறு நாலு மணிக்கே வயிறு கலங்குது..
லிஃப்ட்டில் ஒன்பதை அமுக்க விரல் வரலை..'

வாக்கியத்தை இரண்டு புள்ளி வைத்து முடிப்பவர்
குழுவில் ஒரே ஒருவர்.
'பில்டு ஓகே..'
'லஞ்ச் போலாமா..'
'ஹாப்பி பர்த்டே கௌதமா..'
மூன்று வருடமாய் வாசித்து வருகிறேன்.

பெயரில்லாமல் வந்ததை
எப்படிப் பெயர் சொல்லி அழைப்பது?
அழைத்தால், அடுத்த படிவத்தில்
அவளும் நான்காவது முகத்தைத் தொடுவாள்.

காலைக் கூட்டத்தில்
நேற்று முடித்தது, இன்று முடிக்கப்போவது,
தடை ஏதும் உண்டா?
'தடை இல்லை' என்கிறாள் ரோஸ்லின்.
வாயால் சொல்லும்போது
புள்ளிகள் கேட்பதில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்
கேப் கிடைக்காமல் ஒரே வண்டியில் ஏறினோம்.
நான் டின் ஃபேக்டரி வரை,
அவள் கே.ஆர்.புரம் ஸ்டேஷனுக்கு.
கேஜிஎஃப் ரயில் எப்படியும் போயிருக்கும்.
மாரத்தஹள்ளிப் பாலத்தடியில்
இருபது நிமிடம் அசையவில்லை வண்டி.
பயிற்சி வகுப்பில் தந்த தொடக்க வரிகள்
லேமினேட் செய்த அட்டைபோல
அண்ணத்தில் ஒட்டிக்கொண்டன.

வைப்பர் போய்வருவதைப் பார்த்தபடி,
'மார்ச்சிலிருந்து மாத்திரை போடறேன்' என்றேன்.
'சுகருக்கு இல்ல.'

டிரைவர் எஃப்எம் சத்தத்தைக் குறைத்தார்.
தமிழ் தெரிந்தவராக இருக்கலாம்.
எனக்குக் காது சுட்டது.
இதைச் சொன்னதற்காக
அடுத்த அப்ரைசலில் என்ன நடக்கும் என்றுகூட
ஒரு கணக்கு ஓடியது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.
மடியிலிருந்த டிபன் டப்பாவின் கொக்கியைக்
கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.

'எத்தனை எம்ஜி?'

சொன்னேன்.

முன்னால் நின்ற தண்ணீர் லாரி
ஓரடி நகர்ந்து மறுபடி நின்றது.
சிவப்பு விளக்கில்
கண்ணாடித் துளிகள் எல்லாம் சிவப்பு.

வெகுநேரம் கழித்து
கைப்பேசியில் வந்தது,
பக்கத்து இருக்கையிலிருந்தே:

'எனக்கு அதுல பாதி..'