பிளைண்டுக்கு அடுத்த நாற்காலி

இந்த ஊரில்
முந்திக்கொண்டவனுக்குத்தான் மேசை.
டிஷ்யூ பொட்டலம் போட்டு இடம் பிடித்து,
கடை திறக்குமுன் வாசலில் நின்று,
எதற்கென்று தெரியாமலே வரிசையில் சேர்ந்துவிட்டு
முன்னால் நிற்பவரிடம் அப்புறம் விசாரித்து
வளர்ந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை இரவு,
சுவா சூ காங், பதினோராம் மாடி,
வீ கியாட்டின் சாப்பாட்டு மேசைமேல்
பச்சைத் துணி விரித்ததும்
எல்லாம் தலைகீழ்.
பிளைண்ட் கட்டிய இருவருக்கும் கண் தெரிகிறது.
அவர்களுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும்
எனக்குத்தான் இருட்டு.

நான் வாய் திறந்த பிறகு பேச
ஐந்து வாய்கள்.
ஷம்சுதீன் சில்லுகளை அடுக்கிக் கலைத்து அடுக்குகிறான்.
தில்லைவேந்தன் மடியில் கைப்பேசி, அதில் கால்பந்து.
கோபகுமார் வேர்க்கடலைத் தோலை ஊதுகிறான்.
ஹுவி மின் ஒன்றும் செய்யவில்லை.
ஒன்றும் செய்யாதவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும்.
அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வந்தது இஸ்பேட் ராஜா, டைமன் எட்டு.
ஒன்றரை மணி நேரமாக
மூன்று ஏழு, இரண்டு ஒன்பது என்று
குப்பை அள்ளிக்கொண்டிருந்தவனுக்கு
ஒரு மீசை போதும்.
சீட்டின் மூலையைத் தூக்கி
மீசையைப் பார்த்தேன்.
எட்டைப் பார்த்ததாக நினைவில்லை.

ஆறு வெள்ளி, என்றேன்.
ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.
டீலர் பட்டனை முன்னால் வைத்திருந்த ஹுவி மின்
ஆறு வெள்ளியை நகர்த்தினாள்,
தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறவள் மாதிரி.

நடுவில் மூன்று விழுந்தன.
முதலாவது ராஜா.
அங்கேதான் கெட்டது.
அவன் வராமலிருந்தால்
ஆறு வெள்ளியோடு தப்பித்திருப்பேன்,
ஒரு தட்டு மீ கோரெங் காசு.
மட்டமான சீட்டு தோற்றால் கொஞ்சம்தான் கேட்கும்.
பாதி ஜெயித்தால்தான்
செருப்பைக் கழற்றிவிட்டு
வீட்டுக்குள் வந்து உட்காரும்.

பத்து வைத்தேன். கூடவே வந்தாள்.
இருபத்தைந்து வைத்தேன். கூடவே வந்தாள்.
கடைசிச் சீட்டுக்கும் நானே முதலில் பேச வேண்டும்.
பேச ஒன்றும் இல்லாமல்
மேசையை இரண்டு தட்டுத் தட்டினேன்.
அறுபது, என்றாள்.
யோசிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.
பிறகு கட்டினேன்.

என் ராஜாவுக்குத் துணை ஓர் எட்டு.
அவள் ராஜாவுக்குத் துணை ராணி.

“அந்த எடத்துலேருந்து யாராச்சும் அத ஆடுவானாடா?”
கோல் விழுந்த குஷியில் தில்லை கேட்டான்.
வீட்டுக் குலுக்கலில்
எனக்கும் குழலிக்கும் வந்த எண்
ஆயிரத்து நானூற்றுப் பத்து.
வீடுகள் முந்நூற்று அறுபது.
எங்கேயாவது ஒரு வரிசையில்
முன்னால் இருந்துவிட்டுப் போகலாமே என்றுதான்...
இல்லை, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.
மீசையைப் பார்த்தேன்.
ஆசைப்பட்டேன்.

நாற்காலிகள் அங்கேயே இருந்தன, பட்டன் நகர்ந்தது.
சுற்றி வந்து
மறுபடியும் இருட்டு என்னிடம்.
மணி ஒன்று இருபது.
கீழே கடைசிப் பேருந்து எப்போதோ போய்விட்டது.
ஆட்டின் ஏஸ், கிளாவர் ஆறு.
இந்த முறை இரண்டு மூலைகளையும் தூக்கிப் பார்த்தேன்.
ஐந்து வாய்களையும் பார்த்தேன்.
ஹுவி மின் வழக்கம்போல
ஒன்றும் செய்யவில்லை.
சீட்டைத் தள்ளிவிட்டேன்.

விழுந்தன:
ஏஸ். ஆறு. ஆறு.

நான் மட்டும் சிரித்தேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
ஒரு ஜோடி நான்கை வைத்துக்கொண்டு
பன்னிரண்டு வெள்ளியை அள்ளினான் ஷம்சுதீன்.
சரியாகச் செய்ததற்கு
இந்த மேசையில் யாரும் காசு தருவதில்லை.
கோபகுமார் மட்டும்
கடலைத் தட்டை என் பக்கம் தள்ளினான்.

குழலிக்குச் செய்தி அனுப்பினேன்:
இன்னும் அரை மணி நேரம்.

அதையும் கொஞ்சம் சீக்கிரமே
சொல்லிவிட்டேன்.