கடலில் விழுந்தவை

சங்கத்தின் இரவு விருந்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
ஒரே பட்டியல் போதும் என்கிறார் செயலாளர் வின்சென்ட் கோ.
"அறுபது வருஷம், பத்துப் பேர், பெரிய எழுத்து."
காப்புறுதி நிறுவனத்தில் மரணங்களை அட்டவணையிடுபவள் என்பதால்
வேலை என்னிடம் வந்தது.

மாசிலாமணி, துறைமுக அணி, 1967: பதினான்கு ஹோம் ரன்.
ஹாஸிக், 2019: பதினொன்று.
பதினான்கு பெரிது.
இதைச் சொல்ல நான் எதற்கு?

ஆனால் மாசிலாமணி அடித்தது காத்தோங்கில்,
கடலோரத் திடலில்.
வேலி கிடையாது. நீரில் விழுந்தால் ஹோம் ரன்,
அதுதான் அங்கே விதி.
நீர் வற்றிய மாலையில் எல்லைக்கோடு தள்ளிப்போகும்,
ஏறிய மாலையில்
ஆட்டக்காரனின் காலுறை நனையும்.
அந்த ஆண்டின் ஓத அட்டவணையைத் தேடிப் பிடித்தேன்.
பதினான்கில் ஒன்பது, நீர் ஏறிய மாலைகளில்.

பிறகு பிடோக் குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டினார்கள்.
கடல் எழுந்து
தெற்கே போய் உட்கார்ந்துகொண்டது.
1970இல் மாசிலாமணிக்கு நான்கே நான்கு.
'வயதாகிவிட்டது' என்கிறது ஆண்டறிக்கை.
அவருக்கு முப்பத்தொன்று.

நேற்று மரீன் பரேட் கார்ப்பேட்டையில் நின்று பார்த்தேன்.
அந்தப் பந்துகள் விழுந்த இடத்தில்
ஒருவர் தன் டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சரி, கணக்குக்கு வருவோம்.
ஒவ்வொருவரையும் அவரவர் பருவத்தின் சராசரியால் வகுத்தேன்.
1967இல் ஊரே கடலில் அடித்திருக்கிறது,
சுங்க இலாகாவின் தொப்பைக் கணக்கர்கூட மூன்று.
மாசிலாமணி சராசரியைப் போல் இரண்டரை மடங்கு,
ஹாஸிக் நான்கு மடங்கு,
அதிலும் ஆறு ஆட்டம் நோன்பு மாதத்தில்,
நாக்கு நனையாமல்.
பதினான்கு சுருங்கியது, பதினொன்று வளர்ந்தது.
நியாயம் செய்துவிட்டேன் என்று தேநீர் போடப் போனேன்.

அதே பெட்டியின் அடியில்
பூச்சி அரித்த செலவுப் புத்தகம்.
'தொலைந்த பந்து. மாசிலாமணி. 2 வெள்ளி 40 காசு. பிடித்தம்.'
அடித்தவன்தான் பந்துக்குக் காசு கட்டவேண்டும்!
நாளுக்கு ஐந்து வெள்ளிக்கு மூட்டை தூக்கிய ஆள்.
பிடித்தங்களை எண்ணினேன்.
பதினேழு.
மறுபடி எண்ணினேன். பதினேழேதான்.
மூன்று ஆட்டங்களை மழை பாதியில் அழித்திருக்கிறது.
ஓட்டம் செல்லாது,
கடன் செல்லும்.

செப்டம்பரில் மகள் பிறந்திருக்கிறாள்.
சங்கம் பத்து வெள்ளி அன்பளிப்பு எழுதியிருக்கிறது.
அதற்குப் பின் ஐந்து ஆட்டங்கள்,
ஒரு பந்துகூடத் தண்ணீரைத் தொடவில்லை.
எல்லாம் தரையோடு உருண்டவை,
ஓடி ஓடி எடுத்த ஒற்றைகள்.
தோளில் வலு குறைந்ததா,
பால்மாவு டின்னின் விலை நினைவுக்கு வந்ததா?
அடிக்காமல் விட்டதை
எந்தச் சராசரியால் வகுப்பது?

என் தொழிலில் இதற்கு ஒரு சொல் உண்டு,
'தரவு இல்லை.'
மரணத்துக்குப் போதுமான சொல்தான்.

இரண்டு பட்டியலாகத் தட்டி அனுப்பினேன்.
வின்சென்ட் ஒன்றாக்கித் திருப்பி அனுப்பினார்.
அடிக்குறிப்பு வைத்தேன்.
சிறிய எழுத்து விருந்தில் யாருக்கும் தெரியாது என்றார்.

ஹாஸிக் வந்தான், பயிற்சி முடித்து, முட்டியில் செம்மண்.
முதல் வரியில் யார் பெயர் என்று பார்க்கவில்லை.
செலவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே
ஓரிடத்தில் விரலை வைத்தான்.
தமிழில் எழுதியிருந்தது, நான்தான் படித்துச் சொன்னேன்.
'பந்து கிடைத்தது. மாசிலாமணிக்குத் திருப்பியது 2 வெள்ளி.
நீந்தி எடுத்த பையனுக்கு 40 காசு.'

"யார் அந்தப் பையன்?"

பக்கம் பக்கமாகப் போனோம்.
அந்தப் பருவத்தில் மட்டும் இருபத்தாறு தடவை,
வற்றிலும் ஏற்றத்திலும்,
ஒருமுறை 'இருட்டிய பின்' என்றுகூட.
எல்லா இடத்திலும் 'பையன்'.

இருபத்தாறு.
எதிரில் எழுதிப் பார்க்க இன்னொரு எண் கிடையாது.
விருந்துக்கு எட்டு நாள்.
வின்சென்டுக்கு இன்னும் சொல்லவில்லை.